மலை உச்சியில் ஹேங் கிளைடர் கிளம்புவதைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளைடர்கள் கிளம்பும் மலையுச்சியில் கேமராவோடு நின்றால் போதும், கால் மணிக்கு ஒருவர் பக்கத்தில் வந்து ஏதாவது கேட்பார். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும், நானே ஆரம்பத்தில் மற்றவர்களைக் கேட்டுத் தொல்லை செய்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் "எந்த கேமரா?" என்றுதான் தொடங்குவார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், ஏனென்றால் இந்த வேலையில் அது கடைசிக் கவலைதான்.

ஹேங் கிளைடர் என்றால் வளைந்த பாராசூட் மாதிரி இருக்குமே, அதுதானே?

இல்லை, அது பாராகிளைடர். அதில் சட்டம் கிடையாது, துணி மட்டும்தான். காற்று உள்ளே புகுந்து உப்பினால்தான் அதற்கு உருவம் வரும். ஹேங் கிளைடருக்கு அலுமினியக் குழாய்ச் சட்டம் உண்டு. அதன்மேல் இறுக்கமாக இழுத்துக் கட்டிய முக்கோண வடிவத் துணி. அகலம் சுமார் 10 மீட்டர், எடை ஏறக்குறைய 25 முதல் 35 கிலோ. பைலட் அதன் நடுவே ஹார்னஸில் (உடம்பைத் தாங்கும் பட்டை உறை) குப்புறத் தொங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் முக்கோணச் சட்டத்தின் அடிக்குழாயைப் பிடித்து உடம்பை இப்படியும் அப்படியும் நகர்த்தி ஓட்டுவார்.

படம் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். பாராகிளைடர்காரர் துணியைத் தரையில் விரிப்பார், தூக்குவார், பிடிக்கவில்லை என்றால் கீழே போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். உங்களுக்கு நாலைந்து வாய்ப்பு கிடைக்கும். ஹேங் கிளைடரில் தூக்குவார், ஓடுவார், போய்விடுவார். ஓட்டம் மொத்தமே இரண்டு மூன்று நொடி.

அந்த இரண்டு மூன்று நொடியில் என்னதான் நடக்கிறது?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது தெரியாமல் எடுத்தால் நூறு படத்தில் ஒன்று தற்செயலாக அமையும், அவ்வளவுதான்.

முதலில் ஹார்னஸை கிளைடரோடு கொக்கியால் இணைத்துக்கொள்வார். ஒருவர் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பைலட் அப்படியே குப்புறப் படுத்துத் தொங்கிப் பார்ப்பார். கொக்கி மாட்டியிருக்கிறதா, அடிக்குழாய்க்கு மேல் உடம்பு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. அப்புறம் சரிவின் விளிம்புக்கு நடப்பார். குனிந்து, முக்கோணச் சட்டத்தின் இரண்டு பக்கக் குழாய்களையும் முழங்கைக்குள் அணைத்தபடி எழுந்தால் கிளைடர் தோள்மேல் ஏறும். அந்த நிலையில் முழு எடையும் அவர்மேல்தான் இருக்கிறது. எதிர்க்காற்றைப் பார்த்து நிற்பார். இறக்கை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, மூக்கு அளவாக நிமிர்ந்திருக்கிறதா என்று சரிசெய்துகொண்டே இருப்பார்.

"கிளியர்!" என்று குரல் கொடுத்துவிட்டு முதல் அடி வைக்கிறார். முதல் அடி மெதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது மூன்றாவது அடியில் துணி காற்றைப் பிடித்து விறைக்கும். தோளில் இருந்த சுமை தோளை விட்டு மேலே எழும். ஹார்னஸை கிளைடரோடு இணைக்கும், அதுவரை தொளதொளவென்று கிடந்த தொங்குபட்டை இறுகும். இப்போது எடை தலைகீழாகிறது. அவர் கிளைடரைத் தூக்கியது போய், கிளைடர் அவரைத் தூக்கத் தொடங்குகிறது. ஆனால் கால் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல பைலட் தரை போன பிறகும் இரண்டு எட்டு காற்றில் ஓடுவார். காரணம் உண்டு: முன்கூட்டியே காலை மடக்கி ஹார்னஸுக்குள் குதித்துவிட்டால் வேகம் போதாமல் கிளைடர் மீண்டும் தரையைத் தொடலாம்.

என்னைப் பொறுத்தவரை எடுக்கவேண்டிய படம் அங்கேதான் இருக்கிறது. பறந்துவிட்ட பிறகு எடுத்தது அழகான படம்தான், ஆனால் அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பட்டை இறுகி, பின்கால் பெருவிரல் மட்டும் புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு கணம் வேறு.

எங்கே நிற்பது?

ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், பைலட்டுக்குச் சற்று முன்னால், முடிந்தால் கொஞ்சம் கீழே. பைலட் நேர் முன்னால் பார்க்கிறார் என்றால், அவருடைய வலது அல்லது இடது கன்னத்தின் பக்கம் 45 பாகை வருகிற இடம். தூரம் 25 அல்லது 30 மீட்டர்.

பின்னால் நிற்பதுதான் எல்லோரும் செய்வது. பார்வையாளர்கள் கூடும் இடமும் வண்டி நிறுத்தும் இடமும் பின்னால்தான் இருக்கும். அங்கிருந்து எடுத்தால் முதுகும் ஹெல்மெட்டின் பின்பக்கமும் தான் வரும். நான் முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாமே யாரோ சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவது மாதிரி இருந்தன.

தாழ்ந்து உட்காருங்கள். கேமரா பைலட்டின் முழங்கால் உயரத்தில் இருந்தால், கால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியதுமே இடையில் வெளிச்சம் தெரியும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் அதே ஒரு சாண் புல்லோடு கலந்துவிடும். அவர் ஓடுகிறாரா பறக்கிறாரா என்று பார்ப்பவருக்குப் புரியாது.

எங்கே நிற்கவே கூடாது?

ஓடுபாதையிலும் அதன் நேர் கீழேயும். "நான் குனிந்துகொள்வேன், மேலே போய்விடுவார்" என்று கணக்குப் போடாதீர்கள். காற்று குறைந்தால் கிளைடர் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாகவே வெளியேறும்; ஒரு பக்க இறக்கை தாழ்ந்தால் அந்தப் பக்கமாகத் திரும்பும். 10 மீட்டர் அகலத்தின் பாதி, அதாவது 5 மீட்டர், ஒவ்வொரு பக்கமும் நீண்டுகொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இறக்கை முனையிலிருந்து குறைந்தது இரண்டு இறக்கை அகலமாவது தள்ளி நில்லுங்கள். அந்த இடத்தில் வழக்கமாகப் பறப்பவர்கள் இன்னும் தள்ளச் சொன்னால் தள்ளுங்கள், பேரம் பேச வேண்டாம்.

காற்று வலுவாக இருக்கும் நாளில் உதவியாளர்கள் இரண்டு மூன்று பேர் பக்கக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பைலட் சொன்னதும் விட்டுவிட்டுச் சட்டென்று குனிவார்கள் அல்லது விலகுவார்கள். அவர்கள் விலகும் வழியில் உங்கள் பையோ காலோ இருக்கக்கூடாது.

தூரத்தை இழுத்துக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் வேண்டுமா?

கிளம்பும் கணத்துக்கு வேண்டாம். நான் 400 மி.மீ. லென்ஸைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஏறி, இறக்கை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட படங்களோடு இறங்கியவன். எளிய கணக்கு இது. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் 70 மி.மீ. லென்ஸ் 30 மீட்டர் தூரத்தில் சுமார் 15 மீட்டர் அகலத்தைக் காட்டும். 10 மீட்டர் இறக்கை, கொஞ்சம் வானம், ஓடும் திசையில் முன்னால் கொஞ்சம் இடம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதே இடத்தில் 200 மி.மீ. போட்டால் வெறும் 5.4 மீட்டர்தான் தெரியும். முகம், கை, பக்கக் குழாய் ஆகியவற்றை நெருங்கி எடுக்க அது நல்லது, முழுக் கிளைடருக்கு ஆகாது. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 45 மி.மீ. பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் 24-70 அல்லது 24-105 மாதிரி ஒரு ஜூம் போதும். டெலி பையிலேயே இருக்கட்டும். பறந்து 200 மீட்டர் தள்ளிப் போன பிறகு அதற்கு வேலை வரும். ஆனால் ஒன்று, லென்ஸை உச்சியிலேயே கழற்றி மாட்டாதீர்கள். புழுதியும் புல் துகளும் காற்றோடு சென்சாரில் ஏறினால், அப்புறம் நீல வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ?

நல்ல வெயிலில் ஷட்டர் 1/1600 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200. இதை வைத்துத் தொடங்குங்கள். மேகம் வந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு வேகம் என்றால், ஹேங் கிளைடர் எழும்ப அதன்மேல் காற்று மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். எதிர்க்காற்றே 20 இருந்தால் பைலட் 10 ஓடினால் போதும். இரண்டு எட்டில் கிளம்பிவிடுவார். காற்றே இல்லாத நாளில் முழு வேகத்தையும் அவர் கால்தான் கொடுத்தாக வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/250 நொடியில் உடம்பு 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முன்னால் வீசும் கால் அதைவிட வேகமாகப் போகும். 1/1600-இல் உடம்பின் நகர்வு அரை சென்டிமீட்டர்தான். ஷூவின் நாடா முடிச்சுகூடத் தெளிவாக வரும்.

ஃபோகஸ் எப்போதும் பின்னால் இருக்கும் மலைமேலே போய்விடுகிறது. என்ன செய்வது?

நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வைத்து, நடுவில் இருக்கும் ஃபோகஸ் புள்ளிகளில் ஒரு சிறு தொகுதியைத் தேர்ந்துகொண்டு, பைலட்டின் மார்பில் வையுங்கள். இறக்கையின் நுனியில் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். வழுவழுப்பான ஒரே நிறத் துணியில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஹார்னஸ் பட்டைகளும் ஹெல்மெட்டும் அதற்கு நல்ல தீனி.

இன்னொரு வழி பழையது, எனக்குப் பிடித்தது. 70 மி.மீ., எஃப் 5.6 வைத்து 30 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், கிட்டத்தட்ட 15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்றுக்கொள்ளும்படியான தெளிவில் இருக்கும். பைலட் ஓடத் தொடங்குமிடத்தில் ஒரு கல்லையோ புல் கொத்தையோ பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். கேமரா யோசிக்கவே வேண்டியதில்லை, நீங்கள் யோசித்தால் போதும்.

பைலட்டின் முகம் கறுத்து வருகிறது. இல்லாவிட்டால் இறக்கை வெளுத்துப் போகிறது.

இரண்டும் ஒரே காரணத்தால். கேமரா தானாக வெளிச்சம் அளக்கும்போது, பின்னணி வானமாக இருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். நாலு நொடி கழித்து கிளைடர் அடிவானத்துக்குக் கீழே இறங்கி, பின்னால் கரும்பச்சைக் காடு வந்துவிட்டால், கேமரா "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைத் துணி சுண்ணாம்பாகிவிடும். பைலட் மீது விழும் வெயிலோ நாலு நொடியில் மாறவே இல்லை!

அதனால் வெளிச்ச அளவைக் கைமுறையில் வையுங்கள். வெயில் படும் புல்லை அளந்து, ஒரு சோதனைப் படம் எடுத்து, இறக்கையின் மேல்புறம் வெளுக்காத அளவில் நிறுத்திவிடுங்கள். மேகம் குறுக்கே வந்தால் மட்டும் மாற்றுங்கள். ரா ஃபைலாக (கேமரா சுருக்காத மூலப் பதிவாக) எடுத்தால் இறக்கை நிழலில் இருக்கும் முகத்தைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஃப்ளாஷ் வேண்டாம். அந்தத் தூரத்துக்கு எட்டாது, பைலட்டின் கவனத்தை மட்டும் கெடுக்கும்.

இறக்கைத் துணி மெல்லியது என்பதை மறக்க வேண்டாம். வெயில் அதற்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் துணியே விளக்கு மாதிரி ஒளிரும். உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டத்தின் நிழல் துணியில் எலும்புபோல் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு இறக்கை என்றால் அந்த நிறம் பைலட்டின் கன்னத்திலும் இறங்கும். இதை முதல்முறை பார்த்தபோது வெள்ளைச் சமநிலை (கேமரா நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மெனுவைக் குடைந்துகொண்டிருந்தேன்; அதற்குள் அடுத்த கிளைடரும் கிளம்பிப் போய்விட்டது.

எந்த நேரத்துக்குப் போவது?

விடியற்காலை அழகான வெளிச்சம் என்று ஐந்து மணிக்கு ஏறிப் போனால் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். இரவில் குளிர்ந்த காற்று காலையில் சரிவிலிருந்து கீழ்நோக்கி வழிந்துகொண்டிருக்கும். பைலட்டுக்கு அது பின்காற்று. அதில் ஓடிக் கிளம்ப முடியாது. வெயில் ஏறி, சரிவு சூடாகி, காற்று கீழிருந்து மேலே வரத் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் கிளைடரை விரித்துப் பொருத்தவே ஆரம்பிப்பார்கள். ஆக, உச்சி வெயிலில்தான் கூட்டம். படக்காரனுக்குப் பிடிக்காத வெளிச்சம், வேறு வழியில்லை.

ஒரு ஆறுதல் உண்டு. சூடாகி மேல்காற்றைத் தரும் சரிவு என்றாலே அது சூரியனைப் பார்த்திருக்கும் சரிவுதான். பைலட்டும் அதே பக்கம் பார்த்துத்தான் ஓடுகிறார். எனவே சூரியன் பெரும்பாலும் அவர் முன்பக்கம் இருக்கும். நடுப்பகலில் இறக்கை குடையாக மறைத்துவிடும். பிற்பகலில் சூரியன் சாயச் சாய வெளிச்சம் இறக்கைக்கு அடியில் புகுந்து முகத்தைத் தொடும். மேற்கு பார்த்த சரிவு கிடைத்தால் நான் மூன்று மணிக்கு முன்னால் போவதே இல்லை. மாலையில் பள்ளத்தாக்கு முழுவதும் அமைதியாக மேல்காற்று எழும் நாட்களும் உண்டு. பைலட்டுகள் அதற்காகவே காத்திருப்பார்கள். நமக்கும் அது விருந்து.

எப்போது ஓடப்போகிறார் என்று எப்படித் தெரியும்? அரை மணி நேரம் கேமராவைத் தூக்கிப் பிடித்துக் கை வலிக்கிறது.

பைலட்டைப் பார்க்காதீர்கள், ரிப்பனைப் பாருங்கள். சரிவின் கீழே குச்சிகளில் கட்டிய ரிப்பன்களும், திசை காட்டும் துணிக்குழாயும் இருக்கும். காற்று ஒரே சீராக வராது, அலை அலையாக வரும். கீழே இருக்கும் ரிப்பன் முதலில் எழும்பும், பிறகு நடு ரிப்பன், அப்புறம் விளிம்பில் இருப்பது. மூன்றும் ஒரே திசையில் மேல்நோக்கி நின்றால், பைலட் காத்திருந்தது அதற்குத்தான். கேமராவைத் தூக்குங்கள்.

ரிப்பன் இல்லாவிட்டால் புல், இலை. சரிவில் புல் சாய்வது ஒரு வரிசையாக மேலேறி வருவதைப் பார்க்கலாம்.

அப்புறம் கை. குழாயைப் பிடித்திருக்கும் விரல்கள் காத்திருக்கும்போது ஒவ்வொன்றாக எழும்பி எழும்பி அமரும், வாத்தியம் வாசிப்பதுபோல. ஓடுவதற்குச் சற்று முன் அது நின்றுவிடும். பார்வை அருகிலிருக்கும் ரிப்பனை விட்டு அடிவானத்துக்குப் போகும். இது எல்லோரிடமும் இப்படியே இருக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் பல முறை இதை நம்பித்தான் ஷட்டரை அழுத்தியிருக்கிறேன்.

பர்ஸ்ட், அதாவது விடாமல் அடுக்கடுக்காக எடுப்பதை, எப்போது தொடங்குவது?

"கிளியர்" என்ற குரலில் தொடங்க வேண்டாம். முதல் அடியில் தொடங்குங்கள். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் மூன்று நொடிக்கு 30 படம். குரலில் தொடங்கினால் சிலர் குரல் கொடுத்துவிட்டும் சில நொடி நிற்பார்கள். கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, முக்கியமான கணத்தில் திணறும். நடந்தது எனக்கு.

படத்தில் மலை சமதரை மாதிரித் தெரிகிறது. நேரில் பார்த்தால் தலை சுற்றியதே!

தெரியாமலே கேமராவைச் சரிவோடு சாய்த்திருப்பீர்கள். தூரத்து அடிவானத்தை, அது தெரியாவிட்டால் ஒரு மரத்தின் நேர் நிமிர்வை வைத்துக் கேமராவைச் சமமாகப் பிடியுங்கள். சரிவு தானாகச் சரியும். பக்கவாட்டிலிருந்து எடுப்பதுதான் சரிவை நன்றாகக் காட்டும். மேலிருந்தும் கீழிருந்தும் எடுத்தால் அது நசுங்கிவிடும்.

பள்ளத்தாக்கின் ஆழம் தெரிய வேண்டுமென்றால் கீழே ஏதாவது அளவு வேண்டும்: சாலை, கூரை, ஆறு. பைலட் காலுக்குக் கீழே ஒரு சாலை நூல்போல் தெரிந்தால் போதும், பார்ப்பவருக்கு வயிற்றில் ஏதோ செய்யும். அதனால் கிளைடரைப் படத்தின் நடுவில் வைக்காமல், மேல் மூலையில் தள்ளி, கீழே காலியிடம் விடுங்கள்.

பின்னணி மட்டும் கோடு கோடாக ஓட, பைலட் தெளிவாக இருக்கும் படம்?

ஷட்டரை 1/60 முதல் 1/125-க்குக் குறைத்து, பைலட்டோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே எடுப்பது. பக்கவாட்டிலிருந்து மட்டும்தான் சரியாக வரும். பைலட் முன்னால் மட்டும் போகவில்லை, ஓடும்போது மேலும் கீழும் குதிக்கிறார். அதனால் தலை தெளிவாக வந்தால் கால் மங்கும். பத்தில் ஒன்று தேறினால் சந்தோஷப்படுங்கள். அன்று முதல் ஐந்து பேரை வேகமான ஷட்டரில் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, ஆறாவது ஆளிடம் இதைச் சோதிப்பது என் வழக்கம்.

ஃபோனில் எடுக்கலாமா?

தாராளமாக. ஃபோனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கும். 25 மீட்டர் தள்ளி நின்றால் இறக்கை படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதையே பலமாக்கிக்கொள்ளுங்கள். மலை, மேகம், சிறிய கிளைடர் என்று இடத்தின் படமாக எடுங்கள். விரலால் ஜூம் செய்து முகத்தைத் தேட வேண்டாம். பர்ஸ்ட் போடுங்கள், வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். ஃபோனுக்காகப் பக்கத்தில் போய் நிற்க மட்டும் ஆசைப்படாதீர்கள். இறக்கை முனைக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது லென்ஸைப் பொறுத்தது இல்லை.

டிரைபாட்?

வேண்டாம். காற்றில் அது ஒரு பாய்மரம்.

பைலட்டிடம் பேசலாமா?

கிளைடரைப் பொருத்தத் தொடங்குவதற்கு முன் பேசுங்கள், தரையிறங்கிய பிறகு பேசுங்கள். நடுவில் வேண்டாம். குழாய்களையும் கம்பிகளையும் ஒரு வரிசையில் சோதித்துக்கொண்டிருப்பார். நீங்கள் "அண்ணா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பாருங்க" என்றால் அந்த வரிசை அறுந்துவிடும். அறுந்த இடத்தில் விடுபட்டது எது என்று காற்றில்தான் தெரியவரும்.

எங்கே நிற்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு ஆள் இருப்பார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். பிறகு அசையாதீர்கள். ஓடத் தயாராக நிற்பவரின் கண் ஓரத்தில் ஏதாவது நகர்ந்தால் அவர் நின்றுவிடுவார்.

இதில் என் கதை ஒன்று உண்டு. பையின் மழை உறையைக் கல்லுக்கு அடியில் சரியாகச் செருகாமல் விட்டிருந்தேன். பத்து நிமிடமாகத் தோளில் சுமந்து காத்திருந்த பைலட் முதல் அடி வைக்கும் நேரத்தில் அது பறந்து அவர் முன்னால் குறுக்கே போனது. கிளைடரை இறக்கி வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு காற்று திரும்ப வர அரை மணி நேரம் ஆனது. தொப்பி, பிளாஸ்டிக் பை, லென்ஸ் மூடி, நாய்க்குட்டி எதுவானாலும் கட்டி வையுங்கள்.

அவர் கொக்கி மாட்டவில்லை என்று எனக்குத் தோன்றினால்?

கத்துங்கள். "நில்லுங்க! கொக்கி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். தவறாகக் கத்தியிருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும்.

கிளைடர் தோளில் இருக்கும்போது, பைலட்டின் முதுகிலிருந்து பட்டை மேலே போய் நடுக்குழாயின் கீழ் கொக்கியில் சேர வேண்டும். அது காலுக்குப் பின்னால் வால்போல் தொங்கினால் மாட்டவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் கேமராவில் கண் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அனுபவசாலிகளும் மறந்திருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. 2018-இல் சுவிட்சர்லாந்தில் இருவர் பறக்கும் கிளைடரில் பயணியைக் கொக்கியில் மாட்டாமலே பைலட் கிளம்பிவிட்டார். அந்தப் பயணி இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் கையாலேயே தொங்கித் தப்பித்தார். கிளைடரில் பொருத்தியிருந்த கேமராவில் முழுவதும் பதிவாகி உலகமே பார்த்தது.

நான் ஒவ்வொருவரையும் எடுப்பதற்கு முன் முதலில் அந்தப் பட்டையைத்தான் ஜூம் செய்து பார்க்கிறேன்.

ட்ரோன் விடலாமா?

கிளைடர்கள் கிளம்பும் இடத்தில் வேண்டாம். பைலட்டுகளே ஏற்பாடு செய்து, எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பறக்கவிட்டால் அது வேறு. கிளம்பிய கிளைடர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்த நேரத்துக் காற்றுதான் முடிவு செய்கிறது. உங்கள் ட்ரோனுக்கு அது தெரியாது.

இந்த மாதிரிப் படங்களை முதலில் எடுத்தவர் யார்?

குன்றிலிருந்து ஓடிக் கிளம்பிப் பறந்தவர்களில் பெயர்பெற்றவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால். 1891 முதல் 1896 வரை தானே கட்டிய கிளைடர்களில் சுமார் 2000 முறை பறந்திருக்கிறார். பெர்லினுக்குப் பக்கத்தில் 1894-இல் இதற்காகவே 15 மீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் குன்றும் போட்டார். 1896 ஆகஸ்டில் விழுந்து அடிபட்டு மறுநாள் இறந்தார்.

அவரைப் படம் எடுத்தவர்களில் ஓட்டோமார் அன்ஷூட்ஸ் முக்கியமானவர். 1884-இலேயே பறக்கும் நாரைகளை எடுத்துக் காட்டியவர். படம் பதியும் கண்ணாடித் தட்டுக்கு ஒட்டினாற்போல் ஓடும் திரை ஷட்டரை வைத்து 1/1000 நொடியை எட்டியிருந்தார். பர்ஸ்ட் கிடையாது, ஃபோகஸ் தானாக ஓடாது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். லிலியந்தாலின் கால்கள் முன்னால் நீண்டு தொங்குவதும், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேடிக்கை மனிதர்களும் அப்படியே தெரிவார்கள். பின்னணியில் ஆட்களை வைக்கலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்களுக்கு என் பதில் அந்தப் படங்கள்தான். வையுங்கள்.

விபத்து நடந்தால்?

கேமராவைக் கீழே வைத்துவிட்டு உதவுங்கள், அல்லது உதவுகிறவர்களுக்கு வழி விடுங்கள். எடுத்திருந்த படங்களை அழிக்காதீர்கள். என்ன தவறானது என்று ஆராய்பவர்களுக்குத் தேவைப்படலாம். வெளியில் போடாதீர்கள். குடும்பத்துக்குச் செய்தி உங்கள் பக்கத்திலிருந்து போகக்கூடாது.

சரி, எந்த கேமரா வாங்கலாம்?

தொடர் ஃபோகஸும் நொடிக்கு ஏழெட்டுப் படமும் இருக்கும் எதுவும். பழையதே போதும். மிச்சப் பணத்துக்கு வழுக்காத ஷூ வாங்குங்கள்.

எடுத்த படங்களை பைலட்டுக்குக் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள், பர்ஸ்ட் முழுவதையும் வரிசை கலைக்காமல் கொடுங்கள். தான் ஓடுவதைத் தானே பார்க்க முடியாதவர் அவர். நாம் வெளிச்சத்தைப் பார்ப்போம், அவர்கள் இறக்கையின் கோணத்தையும் காலையும் பார்ப்பார்கள். ஒருவருக்கு நான் மிகவும் பெருமையாக ஒரு மாலைப் படத்தைக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நான் கழித்துவைத்திருந்தவற்றுக்குள் போய், ஹெல்மெட் முகத்தை மறைத்த ஒரு படத்தில் நின்றார். மூன்றாவது அடியிலேயே இடது இறக்கை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. "ஒரு வருஷமா ஏன் இடப்பக்கமே இழுக்குதுன்னு தேடிட்டு இருந்தேன்" என்று சொல்லி, அதை மட்டும் அனுப்பச் சொன்னார்.